கார் சர்வீஸ்ல இல்லாத வேலையை சொல்லி காசு புடுங்குறது: நம்ம டெல்டா பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கும்பகோணத்துல டூரிஸ்ட் கார் ஓட்டுறேன், 17 வருஷம் ஆச்சு. பெரும்பாலும் நவகிரக கோயில் ட்ரிப்பு, லீவு நாள்ல வேளாங்கண்ணி, நாகூர். சொந்தமா ரெண்டு வண்டி. அதனால சொந்தக்காரங்க, தெருக்காரங்க, வண்டில வந்து பழகுன பயணிங்கன்னு நிறைய பேரு சர்வீஸ் பில்லை போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல அனுப்பி "தம்பி இது சரியான்னு பாத்து சொல்லு"ன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட ஒரே இடத்துல எழுதிட்டா நல்லதுன்னு தோணுச்சு. நான் மெக்கானிக் இல்ல, ஆனா ரெண்டு வண்டி ஓடுனாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும், அதனால ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் கணக்கு பாத்து பழகுனவன்.

சாதாரண சர்வீஸ்க்குத்தான் விட்டேன், 14,860 ரூபா பில்லு வந்துருக்கு. இது நியாயமா?

இது எங்க அத்தை கேட்ட கேள்வி. மன்னார்குடில இருக்காங்க, ரிட்டயர்டு டீச்சர், மாமா போனதுக்கப்புறம் அவங்களே தான் கார் ஓட்டுறாங்க. சின்ன பெட்ரோல் வண்டி, ஒரு வருஷத்துல மொத்தம் 6,200 கிலோமீட்டர் தான் ஓடிருக்கு. அந்த பில்லை வரி வரியா படிச்சேன். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், லேபர், வாஷ் எல்லாம் சேத்து 5,000 கிட்ட வருது, அது சரி. மீதி என்னன்னு பாத்தா இன்ஜின் ஃப்ளஷ் (ஆயில் மாத்துறதுக்கு முன்னாடி உள்ள ஊத்தி கழுவுற மருந்து), இன்ஜெக்டர் கிளீனர், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்கு காத்து போற வாய்) கிளீனிங், ஏசி கிருமி நீக்கம், இன்ஜின் டிரெஸ்ஸிங், உள்பக்கம் பாலிஷ், டயருக்கு நைட்ரஜன், கடைசில கன்ஸ்யூமபிள்ஸ்னு (வேலைக்கு ஆகுற சில்லறை பொருள்) ஒரு 480 ரூபா. இதுல ஒன்னு கூட வண்டியோட கூட வந்த ஓனர் மேனுவல்ல இல்ல.

அத்தை கேட்டுருக்காங்க, அதுக்கு அந்த அட்வைசர் பையன் "மேடம் நீங்க தனியா ஓட்டுறீங்க, நடு ரோட்டுல நின்னுட்டா என்ன பண்ணுவீங்க, சேஃப்டிக்குத்தான் சொல்றேன்"னு சொல்லிருக்கான். இதான் எனக்கு வயிறு எரியுது. இந்த ஏமாத்து வேலையே பயத்தை வச்சுத்தான் நடக்குது. வண்டியை பத்தி தெரியாதுங்குற பயம், கேட்டா அசிங்கமா நினைப்பாங்களோங்குற கூச்சம், இந்த ரெண்டும் தான் அவங்களுக்கு முதலு. "ஆத்துல போட்டாலும் அளந்து போடு"ன்னு சொல்ற ஊரு நம்ம ஊரு, கார் பில்லை மட்டும் ஏன் அளக்காம குடுக்கணும்?

அப்ப அந்த எக்ஸ்ட்ரா வேலை எல்லாமே ஏமாத்தா?

எல்லாமே இல்ல, அதான் இதுல கஷ்டமே. ஒவ்வொன்னுக்கும் ஒரு வண்டில ஒரு நேரத்துல தேவை இருக்கலாம், ஆனா எல்லா வண்டிக்கும் எல்லா சர்வீஸ்லயும் தேவைன்னு சொல்றது தான் பொய்யி.

த்ராட்டில் பாடி கிளீனிங் எடுத்துக்கங்க. வண்டி ஐடில்ல நடுங்குது, சிக்னல்ல நிக்கிறப்ப ஆஃப் ஆயிடுதுன்னா பண்ணலாம், நல்லா ஓடுற வண்டிக்கு எதுக்கு? இன்ஜின் ஃப்ளஷ் ஒழுங்கா ஆயில் மாத்துற வண்டிக்கு தேவையே படாது. வருஷக்கணக்கா ஆயிலே மாத்தாம கசடு கட்டிப்போன பழைய இன்ஜின்ல ஃப்ளஷ் ஊத்துனா அந்த கசடு பேத்துக்கிட்டு போயி ஆயில் போற வழியை அடைக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால அங்கயும் யோசிச்சுத்தான் பண்ணணும். நைட்ரஜன் கெடுதல் இல்ல, ஆனா நாம மூச்சு விடுற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் தான், பெட்ரோல் பங்க்ல போடுற சாதா காத்தை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சரி பாத்தாலே டயர் நல்லா இருக்கும். ஏசில கெட்ட வாடை வந்தா முதல்ல கேபின் ஃபில்டரை பாருங்க, நிறைய வண்டில முன் சீட்டு பக்கம் இருக்குற கிளவ் பாக்ஸை கழட்டுனா பின்னாடியே இருக்கும், அஞ்சு நிமிஷ வேலை, உங்க வீட்டு பசங்களே மாத்திடுவாங்க.

துரு பிடிக்காம இருக்க வண்டி அடிப்பக்கம் அடிக்கிற அண்டர்பாடி கோட்டிங் மட்டும் ஊரைப் பொறுத்தது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் கடலோரத்துல வண்டி நிக்குதுன்னா உப்புக்காத்துல அடிப்பக்கம் துரு ஏறும், அங்க நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், ஒரு தடவை நல்லா பண்ணி வச்சுக்கங்க. தஞ்சாவூர்லயோ பாபநாசத்துலயோ இருக்கவங்களுக்கு வருஷா வருஷம் அடிக்க வேண்டிய அவசியம் இல்ல.

எந்த வேலை எப்ப பண்ணணும்னு எனக்கு எப்படி தெரியும்?

ஓனர் மேனுவல். அதுல பின்பக்கம் ஒரு அட்டவணை இருக்கும், எத்தனை கிலோமீட்டர் இல்ல எத்தனை மாசத்துக்கு எதை மாத்தணும், எதை செக் மட்டும் பண்ணணும்னு தெளிவா போட்டுருப்பாங்க. மேனுவல் தொலைஞ்சு போயிருந்தா கம்பெனி வெப்சைட்லயே கிடைக்கும். இன்னைக்கு ஓடுற நிறைய பெட்ரோல் கார்ல ஆயில் மாத்த வேண்டியது 10,000 கிலோமீட்டர் இல்ல ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அது. "5,000த்துலயே மாத்திடுங்க சார்"னு சொன்னா மேனுவலை எடுத்து நீட்டி இதுல எங்க இருக்குன்னு காட்ட சொல்லுங்க.

ஒன்னு மட்டும் நம்ம ஊருக்கு தனியா சொல்லணும். தை மாசம் சம்பா அறுப்பு நேரத்துல வயக்காட்டு ரோடு முழுக்க தூசியும் பதரும் பறக்கும், ரோட்டுலயே நெல்லை காய போடுவாங்க, வைக்கோலை பரப்பி வச்சுருப்பாங்க. அந்த ரோட்டுல தினம் ஓட்டுறவங்களுக்கு ஏர் ஃபில்டர் மேனுவல்ல சொன்னதை விட சீக்கிரமே அடைச்சுக்கும், அப்ப அதை மாத்த சொன்னா அது ஏமாத்து இல்ல. ஃபில்டரை வெயில்ல தூக்கி பாருங்க, வெளிச்சம் வரவே இல்லன்னா மாத்திடுங்க, லேசா தூசின்னா தட்டி போட்டுக்கலாம்.

"ஆயில் கருப்பா போச்சு பாருங்க"ன்னு டிப் ஸ்டிக்கை எடுத்து காட்டுறாங்களே?

டீசல் வண்டில ஆயில் மாத்தி சில நூறு கிலோமீட்டர்லயே கருத்துடும், அது புகைக்கரி, அந்த கரியை பிடிச்சு வச்சுக்கிறது தான் ஆயிலோட வேலையே. கலரை வச்சு ஆயில் கெட்டுப்போச்சுன்னு சொல்லவே முடியாது. கிலோமீட்டரும் மாசமும் தான் கணக்கு. ஆனா ஆயில் பால் காபி மாதிரி கலங்கி இருந்தா தண்ணி கலந்துருக்கு, அப்ப மட்டும் வண்டியை எடுக்காம உடனே பாருங்க.

ஆயில்ல இன்னொரு இடத்துலயும் அடிப்பாங்க, அது அளவுல. சின்ன பெட்ரோல் கார் பெரும்பாலும் 3-ல இருந்து 4 லிட்டர்க்குள்ள தான் குடிக்கும், சரியான அளவு மேனுவல்லயே இருக்கும். பில்லுல அதை விட கூட போட்டுருந்தா கேளுங்க. சின்ன பட்டறைல கேன்ல சீல் உடைக்காம இருக்கான்னு பாத்து உங்க முன்னாடியே ஊத்த சொல்லுங்க, காலி கேனை கையோட வாங்கிக்கங்க, இல்லன்னா மூடியையாவது வெட்டி போடுங்க, ஏன்னா நல்ல கம்பெனி காலி கேன்ல பேரல் ஆயிலை ஊத்தி விக்கிற ஆளுங்க இருக்காங்க.

பார்ட்ஸ் உண்மையாவே தேஞ்சிருக்கா, சும்மா சொல்றாங்களான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

காட்ட சொல்லணும், அவ்ளோதான். பக்கத்துல நின்னு பாக்க முடியலன்னா வீடியோ அனுப்ப சொல்லுங்க, வீடியோல உங்க வண்டி நம்பர் பிளேட்டுல ஆரம்பிச்சு அப்படியே கட் பண்ணாம அந்த பார்ட் வரைக்கும் வரணும். வேற வண்டியோட தேஞ்ச பேடை போட்டோ எடுத்து அனுப்புன கதை எனக்கே நடந்துருக்கு.

பிரேக் பேட் புதுசுல சுமாரா 10, 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும், 3 மில்லிமீட்டர் கிட்ட வந்தா மாத்தணும். "பாதி தேஞ்சிருக்கு, இப்பவே மாத்திடலாம்"னா பாதி இன்னும் இருக்குன்னு தான அர்த்தம். ஆனா பிரேக்குல யாரும் பிடிவாதம் பிடிக்காதீங்க, உண்மையா தேஞ்சிருந்தா அன்னைக்கே மாத்துங்க. டயருக்கு பள்ளத்துக்குள்ள குறுக்க சின்ன மேடு இருக்கும், ரப்பர் தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துட்டா 1.6 மில்லிமீட்டர், அதுக்கு மேல ஓட்டக்கூடாது. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது, புது டயர் வாங்குறப்ப இதை பாக்காம பில்லு போட விடாதீங்க.

ஷாக் அப்சார்பர் ஒழுகுதுன்னு சொன்னா ஒரு பழைய துணியால நல்லா தொடைச்சுட்டு வீட்டுக்கு வந்துடுங்க. ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி பாருங்க, உண்மையா ஒழுகுனா திரும்பவும் ஈரமா இருக்கும், யாரோ ஆயிலை தடவி விட்டதா இருந்தா காஞ்சு கிடக்கும். ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டை மூடுற ரப்பர் உறை) கிழிஞ்சிருக்குன்னா கிழிசலை உத்து பாருங்க, பழசாகி கிழிஞ்ச ரப்பர்ல வெடிப்பு வெடிப்பா இருக்கும், சுத்தி கிரீஸ் தெறிச்சு மண்ணு ஒட்டிருக்கும். கத்தி போட்டா கோடு நேரா சுத்தமா இருக்கும், கிரீஸ் தெறிச்சிருக்காது.

டைமிங் பெல்ட் மாத்தணும்னு பெரிய எஸ்டிமேட் குடுத்தா உங்க இன்ஜின்ல இருக்கறது பெல்ட்டா செயினான்னு முதல்ல பாருங்க. பழைய ஸ்விஃப்ட், டிசையர் டீசல்ல வர்ற 1.3 லிட்டர் இன்ஜின்ல இருக்கறது செயினு. என் மச்சான் வண்டிக்கு அதே இன்ஜினுக்கு பெல்ட் மாத்தணும்னு ஒருத்தர் சொன்னாரு, இல்லாத பெல்ட்டை எப்படிங்க மாத்துவாரு?

கிளட்ச் எரிஞ்ச வாடை வருது, கிளட்ச் செட்டே மாத்தணும்ங்குறாங்க. நிறைய செலவாகுமே?

எந்த மாசம், எந்த ரோடுன்னு முதல்ல யோசிங்க. தை, மாசியில திருவாரூர், நீடாமங்கலம், குடவாசல் பக்கம் ரோட்டுல கிடக்குற வைக்கோல் மேல ஓட்டிட்டு வந்தீங்கன்னா வைக்கோல் ஆக்சில்ல சுத்திக்கும், சைலன்சர் குழாய் சூட்டுல கருகும், வாடை அப்படியே கிளட்ச் வாடை மாதிரி இருக்கும். இது ஆபத்தானதும் கூட, தீ பிடிச்சுடும், வண்டியை ஓரமா நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணி, சூடு தணிஞ்சதும் அடில குனிஞ்சு பாத்து வைக்கோலை புடுங்கி போடுங்க. போன வருஷம் ஆலங்குடி ட்ரிப்புல வந்த ஒரு ஐயாவோட சொந்த வண்டிக்கு இந்த வைக்கோல் வாடைக்கு கிளட்ச் எஸ்டிமேட் குடுத்துருக்காங்க, நான் அடில இருந்து ஒரு கை வைக்கோல் எடுத்து காட்டுனதும் அவரு அப்படியே நின்னுட்டாரு.

கிளட்ச் சந்தேகம்னா ஒரு சோதனை இருக்கு. சமமான தரைல, முன்னாடி ஆளு யாரும் இல்லாத இடத்துல ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்துட்டு, கால் பிரேக்கையும் மிதிச்சுக்கிட்டு, மூணாவது கியர் போட்டு கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் உதறி ஆஃப் ஆனா கிளட்ச் பிடிக்குது. ஆஃப் ஆகாம ஓடிக்கிட்டே இருந்தா தேஞ்சு போச்சு, மாத்துங்க. ஒரு தடவை பண்ணா போதும், திரும்ப திரும்ப பண்ணாதீங்க.

எலி ஒயரை கடிச்சுடுச்சு. முழு ஒயரிங்கும் மாத்தணும்ங்குறாங்க?

வயக்காட்டு ஓரம் வீடு இருக்கற எல்லாருக்கும் இது வருது. அறுப்பு முடிஞ்சதும் வயல்ல தீனி இல்லாம எலி வீட்டுப்பக்கம் வரும், வண்டி பானெட்டுக்குள்ள கதகதப்பா இருக்கும், குடும்பமே நடத்தும். நாலு ஒயர் கடிபட்டதுக்கு முழு ஹார்னெஸ்ஸும் (மொத்த ஒயர் கட்டு) மாத்தணும்னு பெரிய தொகை சொல்றாங்க. பெரும்பாலான ஒயரை நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் வெட்டி, சால்டர் வச்சு, ஸ்லீவ் போட்டு ஒட்டிடுவாரு, வருஷக்கணக்கா நிக்கும். ஏர்பேக் ஒயரு மட்டும் விதிவிலக்கு, பெரும்பாலும் மஞ்சள் கலர்ல இருக்கும், அதுல ஒட்டு வேலை வேணாம், கம்பெனிலயே பாருங்க.

எலி மருந்து ஸ்ப்ரேன்னு சர்வீஸ்ல அடிச்சு விடுறதை நம்பி பணம் குடுக்காதீங்க, ஒரு மழைக்கு போயிடும். வண்டியை வைக்கோல் போர் பக்கம் நிறுத்தாதீங்க, உள்ள தின்பண்டம் வைக்காதீங்க, ஓட்டாம நாள்கணக்கா போட்டு வைக்காதீங்க.

ஏசி கூலிங் இல்ல, வருஷா வருஷம் கேஸ் ஏத்தணுமாம்?

கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகுற பொருள் இல்ல, மூடுன குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். குறைஞ்சுருக்குன்னா எங்கயோ லீக். லீக்கை கண்டுபிடிக்காம கேஸ் மட்டும் ஏத்துனா அடுத்த கோடைக்கு மறுபடி போயி நிப்பீங்க. லீக் டெஸ்ட் பண்ணி காட்டுங்கன்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி கேபின் ஃபில்டரும், ரேடியேட்டர் முன்னாடி இருக்கற கண்டன்சர்ல பதரும் பூச்சியும் அடைச்சிருக்கான்னும் பாருங்க, நம்ம பக்கம் பாதி வண்டிக்கு கூலிங் அதுலயே சரியாயிடும்.

பேட்டரி போச்சுங்குறாங்க?

வோல்ட் பாருங்க. இன்ஜின் ஆஃப்ல சில மணி நேரம் நின்ன வண்டில 12.6 கிட்ட இருந்தா முழு சார்ஜ். ஸ்டார்ட் பண்ணா 13.5-ல இருந்து 14.5 வரைக்கும் வரணும், வரலன்னா கோளாறு பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர்ல இருக்கலாம், பேட்டரி மாத்தியும் பிரயோஜனம் இல்ல. லோடு டெஸ்ட்டும் பண்ண சொல்லுங்க. வாரன்டி கார்டுல தேதி பாருங்க, நிறைய பேரு வாரன்டி இருக்கறப்பவே காசு குடுத்து புதுசு வாங்கிடுறாங்க. பழைய பேட்டரியை சும்மா விட்டுட்டு வராதீங்க, ஈயத்துக்கு விலை இருக்கு, பில்லுல கழிச்சுத்தான் தரணும்.

ரோட்டோர பஞ்சர் கடைல ஒரே டயர்ல அஞ்சு பஞ்சர்னு சொல்லிட்டாங்க. இது நடக்குமா?

நடக்கும், ஆனா அபூர்வம். பெரும்பாலும் ஒன்னு உங்களோடது, மீதி அவங்க ஊசி குத்துனது. டியூப்லெஸ் டயர்ல ஆணி ஏறுனாலும் காத்து மெதுவாத்தான் இறங்கும், அதனால பதறாதீங்க, வெளிச்சமான இடமா, தெரிஞ்ச கடையா பாத்து நிறுத்துங்க. வண்டிய விட்டு இறங்கி கூடவே நில்லுங்க, டீ குடிச்சுட்டு வாங்கன்னு அனுப்புனா போகாதீங்க. சோப்பு தண்ணி ஊத்தி முட்டை வர்ற இடத்தை நீங்களே எண்ணுங்க, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பஞ்சருக்கு எவ்வளவுன்னு பேசிடுங்க. ராத்திரில குடும்பத்தோட வர்றவங்களைத்தான் இப்படி பண்றாங்க, குழந்தை தூங்குது, அம்மா பயப்படுறாங்க, கேட்ட காசை குடுத்துட்டு கிளம்பிடுவாங்கன்னு தெரிஞ்சே பண்றாங்க. ஸ்டெப்னில காத்து இருக்கான்னு மாசம் ஒரு தடவை பாத்து வச்சா இந்த நிலைமையே வராது.

டீசல் பிஎஸ் 6 வண்டி, டிபிஎஃப் லைட் எரியுது. கிளீனிங்க்கு பெரிய தொகை சொல்றாங்க?

ஊருக்குள்ளயே மார்க்கெட், ஸ்கூல், வீடுன்னு சின்ன சின்ன ஓட்டமா ஓட்டுற வண்டிக்கு இது வரும். டிபிஎஃப்ங்குறது சைலன்சர் லைன்ல டீசல் புகைக்கரியை பிடிக்கிற ஃபில்டர், அதுல சேர்ற கரி எரியணும்னா சுமாரா 600 டிகிரி சூடு வேணும், கும்பகோணம் பெரிய கடைத்தெருவுல ஊர்ந்துகிட்டே இருந்தா அந்த சூடு வராது. லைட் மட்டும் எரிஞ்சு வண்டி பவர் குறையலன்னா மேனுவல்ல சொன்ன மாதிரி பைபாஸ்ல ஒரு 20, 30 நிமிஷம் நிக்காம ஒரே சீரா ஓட்டுங்க, பல தடவை தானா அணைஞ்சிடும். அதுக்கும் அணையல, பவர் குறையுதுன்னா மட்டும் ஒர்க்‌ஷாப். மேனுவல்ல இந்த வண்டிக்குன்னு சொன்ன ஆயிலையே போடுங்க, விலை குறைச்சலா இருக்குன்னு வேற ஆயில் போட்டா ஃபில்டர் சீக்கிரம் அடைச்சுக்கும்.

வெளில சர்வீஸ் பண்ணா வாரன்டி போயிடும்னு மிரட்டுறாங்களே?

2014 ஆகஸ்ட்ல இந்திய போட்டி ஆணையம், ஸ்பேர் பார்ட்ஸை வெளி பட்டறைக்கு கிடைக்க விடாம பண்றாங்கன்னு 14 கார் கம்பெனிங்களுக்கு சுமார் 2,544 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. வெளில சர்வீஸ் பண்ணாங்கங்குற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியும் ரத்துன்னு கண்டிஷன் வைக்கக்கூடாதுன்னும் அந்த உத்தரவுல சொல்லிருக்கு. கம்பெனிங்க அப்பீலுக்கு போனாங்க. 2022 டிசம்பர்ல மத்திய அரசு நுகர்வோர் துறை, சொந்தமா ரிப்பேர் பண்ணிக்கிற உரிமைக்குன்னு ஒரு தனி போர்ட்டலும் தொடங்குச்சு.

ஆனா நான் என் சொந்த அனுபவத்துல சொல்றது, வாரன்டி இருக்கற வரைக்கும் ரெகுலர் சர்வீஸை கம்பெனி சென்டர்லயே பண்ணிடுங்க. இன்ஜின்ல பெரிய பிரச்சனை வந்தப்புறம் அவங்களோட சண்டை போட நமக்கு நேரமும் இல்ல தெம்பும் இல்ல. அங்க போயி மேனுவல்ல இருக்கறதை மட்டும் பண்ணுங்கன்னு சொல்லுங்க, எக்ஸ்ட்ரா வேணாம்னு சொன்னதுக்காக வாரன்டி போகாது. இன்னொன்னு, ஃப்ரீ சர்வீஸ்னா லேபர் தான் ஃப்ரீ, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு, இதை ஏமாத்துன்னு நினைச்சு சண்டை போட வேணாம்.

வண்டி விடுறப்பவே என்ன சொல்லிட்டு வரணும்?

ஜாப் கார்டுல (வண்டி விடுறப்ப என்னென்ன வேலைன்னு எழுதுற சீட்டு) உங்க கையாலயே எழுதுங்க, வாயால சொல்றது நிக்காது. "என்கிட்ட கேக்காம எக்ஸ்ட்ரா வேலை எதுவும் பண்ணக்கூடாது, கழட்டுன பழைய பார்ட்ஸ் எல்லாம் திருப்பி வேணும்". இந்த ஒரு வரிக்கு இருக்கற பலம் வேற எதுக்கும் இல்லன்னு நான் நெஞ்சைத்தொட்டு சொல்வேன், இதை எழுதுன வண்டில பார்ட் மாத்தாமலே மாத்துனேன்னு பில்லு போட யாரும் துணிய மாட்டாங்க. எழுதிட்டு அந்த கார்டை போட்டோ எடுத்துக்கங்க, கிலோமீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் சேத்து.

மத்தியானம் மூணு மணிக்கு போன் வரும், "சார் வண்டி லிஃப்ட்ல நிக்குது, இப்ப சொன்னாத்தான் சாயங்காலம் டெலிவரி"ன்னு. அந்த அவசரம் உங்களோடது இல்ல, அவங்களோடது. வீடியோ அனுப்புங்க, விலையை எழுத்துல அனுப்புங்க, நாளைக்கு சொல்றேன்னு வச்சிடுங்க. தீபாவளி, பொங்கலுக்கு முந்தின வாரமும் சபரிமலை சீசன் தொடக்கத்துலயும் வண்டி விடாதீங்க, கூட்டத்துல வேலையும் அரைகுறை, கேள்வி கேக்கவும் ஆள் கிடைக்காது.

மழை வெள்ளத்துல வண்டி நின்னுடுச்சு, இன்ஜினே போச்சுங்குறாங்க?

கார்த்திகை மாசம் நாகை, மயிலாடுதுறை பக்கம் ரோட்டுல தண்ணி நிக்கிறது நமக்கு புதுசில்ல, 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப எத்தனை வண்டி நாசமாச்சுன்னு பாத்தவங்க நாம. தண்ணிக்குள்ள வண்டி ஆஃப் ஆனா சாவியை திருப்பவே திருப்பாதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா பெரும்பாலும் மறுபடி ஸ்டார்ட் பண்றப்ப தான் கனெக்டிங் ராடு வளையும், அது வரைக்கும் இன்ஜின் பெரும்பாலும் பிழைக்கிற நிலைமைல தான் இருக்கும். பேட்டரி ஒயரை கழட்டிட்டு டோ பண்ணி கொண்டு போங்க. பட்டறைல பிளக்கை கழட்டி தண்ணியை வெளிய எடுத்து, ஆயில் எல்லாம் மாத்தி பாத்துட்டு அப்புறம் தான் இன்ஜினை பிரிக்கணும், வந்ததும் வராததுமா இன்ஜின் மாத்தணும்னா ரெண்டாவது ஆளுகிட்ட கேளுங்க. சாதாரண பாலிசில இப்படி தண்ணில ஸ்டார்ட் பண்ணி போன இன்ஜினுக்கு காசு வராது, இன்ஜின் புரொடெக்ட்னு தனியா எடுத்துருக்கணும், நம்ம பக்கம் அதுக்கு குடுக்குற காசு வீண் இல்ல.

இன்சூரன்ஸ் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன். சின்ன கீறலுக்கெல்லாம் "க்ளெய்ம் போட்டுக்கலாம் சார், உங்களுக்கு செலவில்ல"ன்னு பட்டறைல சொல்வாங்க. ஒரு வருஷம் க்ளெய்ம் இல்லாம இருந்தா 20 சதவீதம், அப்படியே அஞ்சு வருஷத்துல 50 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி ஏறும், ஒரு க்ளெய்ம்ல அது போயிடும். கணக்கு போட்டுட்டு கையெழுத்து போடுங்க.

பில்லுல வேற என்ன பாக்கணும்?

கார் பார்ட்ஸுக்கு 28 சதவீதமா இருந்த ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 ஆயிடுச்சு, லேபருக்கும் 18 தான், இன்னும் 28-ன்னு போட்டா ஏன்னு கேளுங்க. ஜி.எஸ்.டி வாங்குனா பில்லுல 15 இலக்க நம்பர் இருக்கணும், தமிழ்நாட்டு கடைன்னா 33-ல ஆரம்பிக்கும், காரைக்கால்னா 34. ஜி.எஸ்.டி பதிவு இல்லாத சின்ன பட்டறைக்காரர் வரின்னு சொல்லி வாங்கவே கூடாது. பார்ட்ஸ் டப்பால இருக்கற எம்.ஆர்.பி.யை விட பில்லுல கூட இருந்தாலும் தப்பு, டப்பாவையும் கேட்டு வாங்குங்க.

காசு குடுத்துட்டேன், இப்ப தான் ஏமாந்தது தெரியுது. என்ன பண்றது?

அத்தைக்கு நான் பண்ண சொன்னதை அப்படியே சொல்றேன். முதல்ல சர்வீஸ் மேனேஜருக்கு மெயில், அதுல மேனுவல்ல இல்லாத வேலை எது எது, எதுக்கு நான் சம்மதம் குடுக்கலன்னு வரிசையா. கோவமா ஒரு வார்த்தை இல்ல, டீச்சர் இல்லையா, கடிதம் அவ்வளவு அழகா எழுதுனாங்க. பதில் வரல. அப்புறம் கார் கம்பெனியோட கஸ்டமர் கேருக்கு அதே மெயில். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டு புகாரை பதிவு பண்ணோம், தமிழ்லயே பேசலாம். அதுக்கப்புறம் தான் சென்டர்ல இருந்து கூப்ட்டாங்க, 6,300 ரூபா திருப்பி குடுத்தாங்க. முழுசா வரல, ஆனா அத்தைக்கு அந்த காசை விட, நம்ம பேச்சை கேட்டாங்கங்குறது தான் பெருசா இருந்துச்சு.

அதுலயும் சரியாகலன்னா உங்க மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல நீங்க குடியிருக்கற ஊர்லயே வழக்கு போட வழி இருக்கு, வண்டியை சென்னைல சர்வீஸ் பண்ணிருந்தாலும் சரி. குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, பிரச்சனை நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். பில்லு தர மறுக்கறதே அந்த சட்டப்படி முறையற்ற வணிகம் தான், அதனால 500 ரூபா வேலையா இருந்தாலும் பில்லு வாங்குங்க.

நம்பிக்கையான மெக்கானிக்கை எப்படி கண்டுபிடிக்கிறது?

டாக்சி ஓட்டுறவங்ககிட்ட கேளுங்க, எங்க ஸ்டாண்டுல யாரை கேட்டாலும் சொல்வாங்க, ஏன்னா எங்களால ஏமாற முடியாது, ஏமாந்தா அந்த மாச டியூ நிக்கும். நான் போற பட்டறைல அண்ணனுக்கு 60 வயசு இருக்கும், மாத்துன பார்ட்ஸை நான் கேக்காமலே பேப்பர்ல சுத்தி டிக்கில வச்சிடுவாரு. பிரேக் பேட் மாத்தலாமான்னு நான் கேட்டா கழட்டி பாத்துட்டு "இன்னும் 8,000 ஓடும், பொங்கல் கழிச்சு வா"ன்னு அனுப்பிடுவாரு. கம்பெனில வேலை பாக்குற பசங்க எல்லாம் கெட்டவங்கன்னு நான் சொல்லல, மாசா மாசம் இவ்வளவு எக்ஸ்ட்ரா விக்கணும்னு டார்கெட்டை தலைல கட்டுறவங்க மேல தான் என் கோவம்.

அத்தை வண்டிக்கு போன ஆவணியில வாரன்டி முடிஞ்சுது. இப்ப மன்னார்குடில இருந்து நீடாமங்கலம் வழியா கும்பகோணம் வந்து அண்ணன்கிட்ட தான் சர்வீஸ் விடுறாங்க, பட்டறை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து, கழட்டுற ஒவ்வொரு பார்ட்டுக்கும் பேரு கேட்டு நோட்டுல எழுதிக்கறாங்க. அண்ணனும் சலிக்காம சொல்றாரு.